ஓட்டைகளைப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 கைக்கு வந்தால் பலரும் நேராகப் புரட்டுவது 34-ஆம் பிரிவை. அரசு வேலையில் 4 விழுக்காடு ஒதுக்கீடு அங்கேதான் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் மசோதாவாக இருந்தபோது மாற்றுத்திறனாளிகள் உரிமை இயக்கத்தவர்கள் எந்தெந்த வரிகளோடு மல்லுக்கு நின்றார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அவர்கள் எச்சரித்த இடங்களில்தான் இன்று வேலை தேடுபவர் இடறுகிறார்.

2014 பிப்ரவரியில் மாநிலங்களவைக்கு வந்த மசோதாவில் ஒதுக்கீடு 5 விழுக்காடு. 2016 டிசம்பரில் நிறைவேறியபோது அது 4 ஆகிவிட்டது. 1995 சட்டத்தின் 3-ஐவிட ஒன்று கூடுதல் என்று ஆறுதல் சொன்னார்கள். ஆனால் 7 வகைக் குறைபாடுகள் 21 ஆனதைச் சேர்த்துப் பார்த்தால் அந்த ஆறுதல் நிற்காது. குறையோடாவது வரட்டும் என்று ஒரு சாராரும், திருத்தாமல் வரவே கூடாது என்று இன்னொரு சாராரும் இயக்கத்துக்குள்ளேயே மோதிக்கொண்டார்கள். என் கணக்கில் இருவர் பக்கமும் நியாயம் இருந்தது.

அதிகம் சர்ச்சையானது 3(3). குறைபாட்டைக் காட்டிப் பாகுபாடு கூடாது என்று சொல்லிவிட்டு, 'நியாயமான நோக்கத்துக்கான அளவான வழி' என்றால் பரவாயில்லை என்று அதே மூச்சில் விலக்கும் தருகிறது. எது நியாயம், எது அளவு என்று முதலில் முடிவு செய்பவர் உங்களை மறுப்பவரேதான். அதனால் "இந்தப் பணிக்கு நீங்கள் சரிப்பட்டு வர மாட்டீர்கள்" என்று வாய்மொழியாகச் சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். பணியின் எந்தக் கடமையை நீங்கள் செய்ய முடியாது என்கிறார்கள், என்ன வசதி கொடுத்துப் பார்த்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வந்தால் அது ஆதாரம். வராவிட்டாலும் நீங்கள் கேட்ட கடிதம் ஆதாரம்.

வசதி கேட்பதுதான் இந்தச் சட்டத்தின் உயிர்நாடி. திரைவாசிப்பு மென்பொருள், சைகை மொழிபெயர்ப்பாளர், தேர்வில் எழுத்தர், தரைத்தளத்தில் இருக்கை எல்லாம் இதில் அடங்கும். தகுந்த வசதியை மறுப்பதையே பாகுபாடு என்கிறது 2(எச்) பிரிவு. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் கோளாறு உள்ள ஒருவருக்கு யுபிஎஸ்சி தேர்வில் எழுத்தர் மறுக்கப்பட்ட விகாஷ் குமார் வழக்கில், 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. 40 விழுக்காடு குறைபாடு என்ற வரம்பு ஒதுக்கீடு போன்றவற்றுக்குத்தான். வசதி கேட்க அந்த வரம்பைத் தொட வேண்டியதில்லை. சான்றிதழில் 30 என்று இருக்கிறதே என்று ஒதுங்கி நிற்பவர்கள் இதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம்.

கேட்கும் விதமும் முக்கியம். நோயின் வரலாற்றை விவரிக்காதீர்கள். வேலையைப் பற்றி எழுதுங்கள். "தங்கள் கணக்கு மென்பொருளை என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருளின் உதவியுடன் இயக்க முடியும். அதை என் கணினியில் நிறுவ அனுமதி வேண்டும். அது இலவசமாகவே கிடைக்கிறது." இவ்வளவு போதும். என்ன தேவை, எதற்காக, எவ்வளவு செலவு என்ற மூன்றும் தெரிந்தால் எச்.ஆர். அதிகாரி மேலிடத்தில் பேச வசதியாக இருக்கும்.

தனியார் துறையில் கட்டாய ஒதுக்கீடு இல்லை. பணியாளர்களில் 5 விழுக்காட்டினர் மாற்றுத்திறனாளிகளாக இருக்க, தன் பொருளாதார வரம்புக்குள் அரசு ஊக்கம் அளிக்க வேண்டும் என்பதோடு 35-ஆம் பிரிவு நின்றுவிடுகிறது. இயக்கத்தவர்கள் இதைப் பல்லில்லாத பிரிவு என்று சாடுவதில் தவறில்லை. ஆனால் 21-ஆம் பிரிவை மறந்துவிடாதீர்கள். தனியார் உட்பட ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற பணியிடங்களின் பட்டியலும் தொடர்பு அலுவலர் நியமனமும் அதில் இருக்க வேண்டும் என்கின்றன 2017 விதிகள். நேர்காணலுக்கு முன்பே அந்தக் கொள்கையின் நகலைக் கேளுங்கள். உடனே அனுப்பும் நிறுவனம் ஓரளவு தயாராக இருக்கிறது என்று அர்த்தம். "அப்படி ஒன்று இருக்கிறதா?" என்று திருப்பிக் கேட்டால் அதுவும் ஒரு தகவல்தான்.

பயிற்சிக்கு வருவோம். மெழுகுவர்த்தி, சாக்பீஸ், கூடை பின்னல் என்று சந்தையில்லாத தொழில்களில் ஆளை உட்காரவைப்பதா என்பது பழைய கோபம். 19-ஆம் பிரிவு அதற்குப் பதில் சொல்ல முயல்கிறது. பொதுவான திறன் பயிற்சித் திட்டங்கள் அனைத்திலும் மாற்றுத்திறனாளிகளைச் சேர்க்க வேண்டும்; ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ளோருக்கான தனிப் பயிற்சி சந்தையோடு தொடர்புள்ளதாக இருக்க வேண்டும். எனவே எந்த மையத்தில் சேரும் முன்பும் போன குழுவில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எந்த நிறுவனத்தில், என்ன சம்பளத்தில் என்று கேளுங்கள். எண்ணைச் சொல்லாமல் சுவரில் மாட்டிய புகைப்படங்களைக் காட்டினால் அடுத்த மையத்தைப் பாருங்கள். எந்தத் தொழில் ஒத்துவரும் என்ற மதிப்பீட்டுக்குச் சென்னை கிண்டியில் உள்ள மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையத்தை அணுகலாம்.

அரசுப் பணியில் இருக்கும்போதே குறைபாடு ஏற்பட்டால் வேலையைவிட்டு நீக்கவோ பதவி இறக்கவோ முடியாது (20(4)). யாராவது 'விருப்ப ஓய்வு' படிவத்தை நீட்டினால் கையெழுத்திடும் முன் இந்தப் பிரிவைக் காட்டுங்கள்.

புகார் என்று வந்தால், அரசு நிறுவனங்களில் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும்; அவர் இரண்டு வாரத்துக்குள் விசாரித்தாக வேண்டும். அடுத்து மாவட்டக் குழு, மாநில ஆணையர். முதல் மீறலுக்கு அபராதம் அதிகபட்சம் 10,000 ரூபாய்தான். எந்தப் பெரிய நிறுவனமும் இதற்காகத் தூக்கம் கெடப்போவதில்லை.

அதைவிடக் கூர்மையான கருவி 10 ரூபாய் தகவல் உரிமை மனு. மத்திய அரசின் ஒதுக்கீட்டுப் பதிவேட்டில் ஒவ்வொரு நூறு காலியிடத்திலும் 1, 26, 51, 76 ஆகிய புள்ளிகள் மாற்றுத்திறனாளிகளுக்கானவை. நீங்கள் விண்ணப்பிக்கும் பதவியில் அந்த நான்கும் எந்த ஆண்டு, எந்தப் பிரிவினரால் நிரப்பப்பட்டன, நிரம்பாதவை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டனவா என்று கேட்டு, பதிவேட்டின் நகலையும் கோருங்கள்.