நன்னீர் இறால் குளம்: முதல் வருஷத்தில் கவனிக்க வேண்டியவை

நெல், வாழை, கரும்பு முதலியவற்றைச் சாகுபடி செய்து வரும் விவசாயிகளிற் சிலர், தங்கள் நிலத்தின் ஒரு பகுதியில் நன்னீர் இறால் வளர்க்க ஆவல் கொண்டுள்ளனர். இவ்வாவல் போற்றத் தக்கதே. ஆயினும், குளத்தை வெட்டி ஜலத்தை விட்ட மறுநாளே குஞ்சுகளை வாங்கி விடுவோர், முதல் வாரத்திலேயே அவற்றைப் பறிகொடுக்க நேரிடுகின்றது. அப்பொழுது குஞ்சு தரமற்றது என்று எண்ணி, மீண்டும் வாங்கி விட்டு மீண்டும் நஷ்டமடைகின்றனர். பெரும்பாலும் குறை ஜலத்திலேயே இருக்கின்றது. ஆதலின், முதன்முதலாக இக்காரியத்தில் இறங்குவோர் ஜலத்தைப் பக்குவம் செய்யக் கற்றுக்கொண்ட பின்னரே இறாலைப் பற்றி நினைத்தல் வேண்டும்.

இறாலின் இயல்பு

வளர்ப்பதற்கு ஏற்றது பெரிய நன்னீர் இறால் ஆகும். வியாபாரிகள் இதனை ஸ்காம்பி என்பர். இது ஆறுகளிலும் வாய்க்கால்களிலும் வாழ்ந்த போதிலும், சினை இறால் கழிமுகத்தை நாடிச் செல்லும். முட்டையிலிருந்து வெளிவரும் இளம் உயிர்கள் உப்புக் கலந்த ஜலத்திலன்றிப் பிழைக்க மாட்டா. இவ்வுண்மையை 1961-ஆம் வருஷத்தில் பினாங்கில் ஆராய்ச்சி செய்த ஷாவோ வென் லிங் என்பவர் கண்டறிந்தார். அதன் பின்னரே பொரிப்பகங்களில் குஞ்சு உற்பத்தி செய்வது சாத்தியமாயிற்று. எனவே, விவசாயி தன் குளத்திலேயே குஞ்சு பெருகும் என்று எதிர்பார்த்தல் வீண். ஒவ்வொரு போகத்திற்கும் பொரிப்பகத்திலிருந்தே வாங்குதல் வேண்டும். வாங்கும்பொழுது, குஞ்சுகள் நன்னீருக்குப் பழக்கப்பட்டவையா என்று கேட்டறிவது அவசியம்.

இறால் வளர வளரத் தன் ஓட்டைக் கழற்றிப் புது ஓடு பூணும். ஓடு கழன்ற சமயத்தில் அதன் உடல் மிருதுவாயிருக்கும். அப்பொழுது மற்ற இறால்கள் அதனைப் பிடித்துத் தின்றுவிடும். ஆகவே நெருக்கமும் பசியும் இறால் குளத்திற்குப் பெரும் விரோதிகள்.

இடமும் அளவும்

முதல் வருஷத்திற்கு 25 சென்ட் குளம் போதுமானது. ஜலம் கசிந்து போகாத களிமண் கலந்த பூமி வேண்டும். ஜலத்தின் ஆழம் 3 அடி முதல் 4 அடி வரை இருக்கலாம். அடிப்பாகம் மடையை நோக்கிச் சரிந்திருப்பின், அறுவடைக் காலத்தில் முழுதும் வடித்துவிட வசதியாகும். வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் கரை தாண்டும் தாழ்ந்த நிலங்களில், ஐப்பசிக்கு முன் அறுவடை முடியுமாறு மாசி மாதத்தில் குஞ்சு விடுதல் நலம். கோடையிலும் வற்றாத கிணறு அருகிலிருத்தல் இன்றியமையாதது.

குளத்தைத் தயார் செய்தல்

குளத்தை வடித்து, அடிமண் வெடிக்கும் வரை வெயிலில் காயவிட வேண்டும். மண் புளிப்புள்ளதா என்பதைப் பரிசோதனை செய்வித்து, அதற்கேற்ற அளவில் சுண்ணாம்புக்கல் தூள் இடவேண்டும். களர் மண்ணுக்குச் சுண்ணாம்பு தேவையில்லை.

விரால், கெளுத்தி, ஜிலேபி ஆகிய மீன்கள் சேற்றில் சிறிது ஜலம் இருந்தாலும் உயிர் தரித்திருந்து, பின்னர் குஞ்சுகளைத் தின்னும். அல்லது தீனியில் பங்கு கொள்ளும். வடிக்க இயலாத குளத்தில் இவற்றை ஒழிக்க இலுப்பைப் பிண்ணாக்கு உதவும். ஓரடி ஜலம் நிற்கும் 25 சென்ட் குளத்திற்குச் சுமார் 75 கிலோ தேவை. அதனை ஊறவைத்துக் கரைத்துக் குளம் முழுதும் தெளித்தல் வேண்டும். இதன் நச்சுத் தன்மை நீங்க 3 வாரமாகும்; பின்பு அதுவே எருவாகவும் பயன்படும். அந்த 3 வாரத்தைக் குறைக்க எவரும் முயலலாகாது.

மீண்டும் ஜலம் விடும்பொழுது மடைவாயில் நெருங்கிய கண்ணுள்ள வலையைக் கட்ட வேண்டும். சிறிது மக்கிய சாணி எரு இட்டால் சில தினங்களில் ஜலம் இளம்பச்சை நிறமடையும். ஒரு வெள்ளைத் தட்டைக் கோலில் பொருத்தி ஜலத்தில் இறக்கிப் பார்க்கவும். அது 10 முதல் 15 அங்குல ஆழத்தில் கண்ணுக்கு மறைந்தால் பக்குவம் சரி. அதற்கு முன்பே மறைந்தால் பசுமை மிகுதி. எருவை நிறுத்திப் புது ஜலம் விடவேண்டும். ஜலத்தை அதிக நாள் வெறுமனே நிறுத்தி வைத்தாலும், தட்டான் பூச்சியின் இளம் புழுக்கள் பெருகிக் குஞ்சுகளைத் தின்னும். அவற்றைச் சிறுகண் வலையால் அரித்தெடுத்துவிட வேண்டும்.

குஞ்சு விடுதல்

முதல் முறையாகச் செய்வோர் ஒரு சதுர மீட்டருக்கு 3 குஞ்சுகளுக்கு மேல் விடலாகாது. 25 சென்ட் குளத்திற்கு 3,000 குஞ்சுகள் ஆகும். முழுத் தொகையையும் வாங்குமுன், 50 குஞ்சுகளை வலைத் தொட்டியிலிட்டு அதே குளத்தில் ஓர் இரவும் பகலும் வைத்துப் பரீட்சிப்பது சிறந்தது. அவை சுறுசுறுப்பாயிருந்தால் மற்றவற்றைத் தருவிக்கலாம். அவை மடிந்தால் நஷ்டம் 50 குஞ்சுகளோடு நிற்கும்.

வெயில் தணிந்த வேளையில் குஞ்சுப் பைகளை 15 நிமிஷம் குளத்தில் மிதக்கவிட்டு, குளத்து ஜலத்தைச் சிறிது சிறிதாகப் பைக்குள் கலந்து, பின்னரே திறந்துவிட வேண்டும். ஓடு கழற்றும் இறால்கள் ஒளிந்துகொள்வதற்காகப் பனை மட்டை, மூங்கில் கிளை, உடைந்த ஓடு ஆகியவற்றை ஆங்காங்கு இடுதல் அவசியம்.

தீனியும் விடியற்கால அபாயமும்

இறால் இரவில் இரை தேடும். ஆதலால் பெரும்பங்குத் தீனியை மாலையில், கரையோரமாகப் பல இடங்களில் இடவேண்டும். தவிடு, கடலைப் பிண்ணாக்கு, கருவாட்டுத் தூள் ஆகியவற்றைப் பிசைந்து உருண்டையாக இடலாம். சிறிதளவு தீனியைத் தட்டுகளில் வைத்து ஜலத்தில் இறக்கினால், மறுநாட் காலையில் மீதியைக் கண்டு அளவை அறியலாம். மீந்த தீனி அழுகி ஜலத்தைக் கெடுக்கும்.

பகலில் பசும்பாசி பிராணவாயுவை வெளியிடுகின்றது. இரவிலோ பாசியும் இறாலும் சேறும் அதனையே உட்கொள்ளுகின்றன. ஆகவே பிராணவாயு மிகவும் குறைந்த நேரம் விடியற்காலமே. மேகமூட்டம் தொடர்ந்த நாட்களில் அபாயம் அதிகம். இறால்கள் கரையோரத்தில் குவிந்து ஏற முயன்றால் சிறிதும் தாமதிக்கலாகாது. உடனே தீனியை நிறுத்திக் கிணற்று ஜலத்தை உயரத்திலிருந்து விழுமாறு இறைக்க வேண்டும். ஒரு மணி நேரக் கவலையீனம் 5 மாத உழைப்பை அழித்துவிடக் கூடும்.

பூச்சிமருந்தின் தீமை

இறாலும் பூச்சியும் ஒரே பெருங்குலத்தைச் சேர்ந்தவை. பூச்சியைக் கொல்லும் மருந்து மிகச் சொற்ப அளவிலேயே இறாலையும் கொல்லும். மருந்தடித்த வயலின் வடிகால் ஜலத்தை ஒருபோதும் குளத்தில் பாய்ச்சலாகாது. தெளிப்பானை அங்குக் கழுவவும் கூடாது. வாய்க்கால் பலருக்குப் பொதுவானது. ஆகையால், மேல்மடையில் மருந்தடிக்கும் நாளைக் கீழ்மடையார் முன்கூட்டியே அறியுமாறு கிராம அலுவலர்கள் ஏற்பாடு செய்தால், நஷ்டமும் அயலாரிடையே வழக்கும் தவிர்க்கப்படும்.

அறுவடையும் கணக்கும்

எல்லா இறாலும் ஒரே சீராக வளர்வதில்லை. நீண்ட நீலக் கால்களையுடைய பெரிய ஆண்கள் மற்ற ஆண்களின் வளர்ச்சியைத் தடை செய்யும். 4 மாதம் கழிந்ததும் வலையிட்டு இவற்றை முதலில் பிடித்து விற்றால், சிறியவை விரைந்து வளரும். 6-ஆம் மாதத்தில் குளத்தை வடித்து மிகுதியைப் பிடிக்கலாம்.

விட்ட 3,000-இல் சரிபாதி பிழைத்து, ஒவ்வொன்றும் 40 கிராம் எடை ஏறினால் 60 கிலோ கிடைக்கும். குஞ்சு, தீனி, எரு, இறைப்புக் கூலி ஆகிய செலவுகளை இதன் கிரயத்தோடு ஒப்பிட்டு விவசாயி தாமே முடிவு செய்யலாம். தட்டு மறைந்த ஆழம், இட்ட தீனி, விடியற்கால நிலை ஆகியவற்றை நாள்தோறும் ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் எழுதி வருபவர், இரண்டாம் வருஷத்தில் தம் குளத்தின் குணத்தை நன்கு அறிந்தவராயிருப்பர். அதன் பின்னர் 25 சென்ட்டை ஓர் ஏக்கராகப் பெருக்குவதில் தவறில்லை.