கரைவலையும் கடற்பாம்பும்

மகாபாரதத்தின் ஆதிபருவத்தில், அர்ச்சுனனின் பேரனாகிய பரீட்சித்து மன்னன் தட்சகன் தீண்டி மாண்ட வரலாறு கூறப்படுகின்றது. மன்னனைக் காப்பாற்றக் காசியபர் என்னும் விஷவைத்தியர் புறப்பட்டு வருகிறார். வழியிலே தட்சகன் அவருக்குப் பெரும் பொருள் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுகிறான். விஷத்தை இறக்கத் தெரிந்தவர் இருந்தும், அவர் வந்து சேராமையால் மன்னன் உயிர் துறந்தான். திரௌபதையம்மன் குடிகொண்டிருக்கும் உடப்பில் பாரதக்கதை புதிதன்று. ஆயினும் காசியபர் பாதிவழியில் திரும்பிய அந்த இடம் சற்று நின்று எண்ணத்தக்கது.

நாகம், கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் ஆகிய தரைப்பாம்புகளைக் கண்டால் எவரும் அஞ்சி விலகுவர். கரைவலையில் மீனோடு மீனாக வரும் கடற்பாம்பிடம் அந்த அச்சம் குறைவு. அதனை வாலிலே பிடித்துச் சுழற்றி எறிவோரும் உண்டு. கற்பிட்டிக் கடலிலும் புத்தளம் களப்பிலும் வாழும் வலக்கடியன் கொடிய விஷம் உடையது. (இந்தத் தமிழ்ப் பெயரை 1827 இல் ஐரோப்பிய அறிஞர் ஒருவர் அப்படியே அதன் விஞ்ஞானப் பெயராக்கினார் என்பது பலர் அறியாத செய்தி.) கெளிற்று மீனை விரும்பி உண்பதால் கெளிறு படும் வலையில் இதுவும் படும். துடுப்புப் போன்ற தட்டை வாலும் உடலிலே செதிலும் இருந்தால் அது விலாங்கு அன்று, பாம்பே.

கெளிற்று முள்ளோ திருக்கை முள்ளோ குத்தினால் அக்கணமே வலியால் துடிக்க நேரிடும். கடற்பாம்பு கடித்தாலோ முள் கீறியது போலத்தான் இருக்கும், வீக்கமும் இராது. ஆபத்தே இங்குதான் உள்ளது. வலிக்கவில்லையே என்று கடிபட்டவர் தொடர்ந்து வலை இழுப்பார். அரை மணி முதல் மூன்றரை மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் உளைந்து, கழுத்தும் கைகால்களும் விறைத்து, வாய் திறப்பது கடினமாகும். மூன்று முதல் எட்டு மணி நேரத்தில் சிறுநீர் கருஞ்சிவப்பாக மாறும். விஷம் தசைகளைச் சிதைக்க, அக்கழிவு சிறுநீரில் கலப்பதே இதன் காரணம். அது சிறுநீரகத்தையும் அடைக்கக்கூடும். மூச்சும் இதயமும் நின்றுபோகவும் கூடும்.

1950, 60களில் மலேசியாவின் பினாங்கில் மீனவர்களுக்குச் சிகிச்சையளித்த டாக்டர் அலிஸ்டர் ரீட், கடற்பாம்பு கடித்தவர்களுள் பெரும்பாலோருக்கு விஷம் ஏறுவதில்லை என்று கண்டறிந்தார். கடலோரத்தில் மந்திரித்துக் குணமானதாகச் சொல்லப்படும் பலரது கதை இவ்வாறு விஷம் ஏறாதவர்களின் கதையாகவே இருத்தல் வேண்டும். யாருக்கு ஏறியது, யாருக்கு ஏறவில்லை என்பதைக் கடித்தவுடன் பார்த்துச் சொல்ல எவராலும் இயலாது.

ஆகையால் கடிபட்டவரை உடனே வேலையிலிருந்து நிறுத்திக் கிடத்த வேண்டும். கடிவாயைக் கீறுதல், உறிஞ்சுதல், கயிற்றால் இறுகக் கட்டுதல் கூடவே கூடாது. கடிபட்ட காலை அல்லது கையைத் தடி வைத்து அசையாமற் கட்டி, நடக்கவிடாமல் தூக்கிச் செல்லல் வேண்டும். மோதிரம், காப்பு இருப்பின் கழற்றிவிடலாம். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி இலவசமாக வரும். பாம்பைத் தேடிப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. செத்ததாகத் தோன்றும் பாம்பும் கடிக்கும்.

இலங்கை வைத்தியசாலைகளில் வழக்கமாக ஏற்றப்படும் இந்திய விஷமுறிவு மருந்து மேற்சொன்ன நான்கு தரைப்பாம்புகளுக்கு உரியது. கடற்பாம்பு விஷத்தை அது முறிக்காது. அதற்குரிய மருந்து அவுஸ்திரேலியாவில் தயாராகின்றது. அப்படியானால் வைத்தியசாலைக்குப் போய் என்ன பயன் என்று கேட்கலாம். சேலைன் ஏற்றிச் சிறுநீரகத்தைக் காத்தல், தேவைப்படின் இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரித்தல், மூச்சுக்கு இயந்திரம் பொருத்துதல் ஆகியவற்றாலேயே பலர் பிழைத்துள்ளனர். இவற்றை வீட்டில் செய்ய முடியாது. அறிகுறி எதுவும் இல்லாவிடினும் 24 மணி நேரம் வைத்தியசாலையில் தங்கி, ஒவ்வொரு முறையும் சிறுநீரின் நிறத்தைத் தாதியரிடம் காட்டுவது அவசியம்.