பாடம் 6: வீட்டுக் கட்டுமானக் கணக்கை விரிதாளில் எழுதுவோம்

வீடு கட்டுவதற்கான உதவித்தொகை பெரும்பாலும் ஒரே தடவையில் கிடைப்பதில்லை. அத்திவாரம், சுவர், கூரை என வேலை முன்னேறும்போது தவணை தவணையாகக் கிடைக்கும். ஒரு கட்டம் முடிந்ததைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் பார்வையிட்ட பின்னரே அடுத்த தவணை விடுவிக்கப்படும். எனவே அத்திவாரம் முடியுமுன் காசு முடிந்தால் வேலை நின்றுவிடும். மாரி மழைக்கு முன் கூரை போட முடியாமற் போகும். "இன்னும் எவ்வளவு மிச்சம்?" என்ற கேள்விக்கு எந்த நாளிலும் விடை சொல்லும் கணக்கை எழுதப் பழகுவதே இப்பாடத்தின் நோக்கம்.

விரிதாள் என்பது கணினியில் உள்ள, கோடு போட்ட கணக்குக் கொப்பி. எக்செல் அவற்றில் ஒன்று. குறுக்கே செல்வது நிரை. மேலிருந்து கீழே செல்வது நிரல். இரண்டும் சந்திக்கும் பெட்டி கலம். கணினி இல்லாதவர்கள் இதே அமைப்பைக் கொப்பியிலும் கீறலாம்.

முதலாவது நிரையில் இத்தலைப்புகளை எழுதுங்கள்:
திகதி | கட்டம் | விபரம் | அலகு | அளவு | அலகு விலை | பெறுமதி | கொடுத்தது | கொடுக்க வேண்டியது | பற்றுச்சீட்டு இலக்கம்

கவனிக்க வேண்டியவை:

1. ஒரு நிரையில் ஒரு செலவை மட்டும் எழுதுங்கள். சீமெந்தையும் மணலையும் ஒரே நாளில் வாங்கினாலும் இரண்டு நிரைகள் வேண்டும்.

2. அளவு நிரலில் "30 பை" என எழுதாதீர்கள். அதைக் கணினி எண்ணாக எடுக்காமல் சொல்லாகவே எடுக்கும், கணக்குப் பிழைக்கும். 30 என்பதை மட்டும் எழுதுங்கள். "பை" என்பது அலகு நிரலுக்கு உரியது.

3. பெறுமதியை நீங்கள் கணித்து எழுத வேண்டாம். அக்கலத்தில் சமன் அடையாளம் (=) இட்டு, அளவு உள்ள கலத்தைத் தொடுங்கள். பின் நட்சத்திரக் குறி (*) இட்டு, அலகு விலை உள்ள கலத்தைத் தொட்டு என்டர் விசையை அழுத்துங்கள். விலையைத் திருத்தினால் பெறுமதியும் தானாகத் திருந்தும்.

4. "கொடுக்க வேண்டியது" என்பது பெறுமதியிலிருந்து கொடுத்ததைக் கழித்து வருவது. மொத்தம் காண, நிரலின் கீழுள்ள வெற்றுக் கலத்தில் நின்று Σ குறியை அழுத்துங்கள்.

ஓர் உதாரணம் (விலைகள் விளக்கத்துக்காக மட்டும்)

அத்திவாரத்துக்கான தவணை 100,000 ரூபா எனக் கொள்வோம்.
சீமெந்து: 30 பை × 900 = 27,000 (கொடுத்தாயிற்று)
கருங்கல்: 5 கியூப் × 6,000 = 30,000 (கொடுத்தாயிற்று)
மணல்: 4 கியூப் × 5,000 = 20,000 (கொடுத்தாயிற்று)
மேசன் கூலி: 14 நாள் × 2,000 = 28,000 (இன்னும் கொடுக்கவில்லை)

கொடுத்தது 77,000. கையில் 23,000 இருக்கிறது. காசு இருப்பதுபோல் தெரியும். ஆனால் கூலி 28,000 கொடுக்க வேண்டும். உண்மையில் 5,000 ரூபா பற்றாக்குறை. கையிருப்பை மட்டும் பார்த்துக் கதவு நிலை வாங்கியிருந்தால் மேசனுக்குக் கொடுக்கக் காசு இராது. பற்றாக்குறை முன்கூட்டியே தெரிந்தால் வழி தேடலாம்: அத்திவாரத்துக்கு மண் நிரப்பும் வேலையைக் குடும்பத்தவரே செய்து கூலிநாட்களைக் குறைக்கலாம், கள உத்தியோகத்தரிடம் கணக்கைக் காட்டிக் கதைக்கலாம்.

இடப்பெயர்வின்போது ஆவணங்களை இழப்பது எத்தகைய துன்பம் என்பது உங்களுக்குத் தெரியும். எனவே கிழமைக்கு ஒருமுறை கணக்கை அச்சிட்டு, பற்றுச்சீட்டுகளுடன் பொலித்தீன் உறையில் இட்டு வையுங்கள். இன்னொரு பிரதியைப் பென்டிரைவில் சேமியுங்கள்.

பயிற்சி: கடந்த கிழமை உங்கள் வீட்டுக்குச் செய்த ஐந்து செலவுகளை இவ்வாறு எழுதுங்கள். கையிருப்பிலிருந்து கொடுக்க வேண்டியதைக் கழியுங்கள். வரும் விடையே நீங்கள் செலவழிக்கக்கூடிய காசு.