ஆழ்கடல் ஒலியும் பண்பேற்ற வகையறிதலும்

முன்னுரை

ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ. சிதம்பரனார், 1906ஆம் ஆண்டு சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கித் தூத்துக்குடிக் கடலின் மேற்பரப்பில் நமக்கொரு வழி கண்டார். அக்கடலின் அடியில் செய்தி செல்லும் வழி யாது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

கயிறும் ஒலியும்

இக்கரையில் பரதவரும் முஸ்லிம்களும் முத்துக்குளித்தனர். மூழ்கியவர் அடியிலிருந்து கயிற்றை இழுத்துக் குறிப்புணர்த்துவார். தோணியில் இருப்பவர் அதனை உணர்ந்து அவரை மேலே தூக்குவார். இழுப்பின் பொருளை இருவரும் முன்னரே அறிந்திருந்தமையால் உயிர் காக்கப்பட்டது.

இன்று அக்கயிற்றின் இடத்தை ஒலி பெற்றுள்ளது. வானொலி அலைகளை உப்புநீர் விரைவில் விழுங்கிவிடும். ஒலியோ கடலில் நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் விரைவில் நெடுந்தொலைவு செல்லும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர், கடலடி அழுத்தமானிகள் ஒலிவழியே மிதவைக்கும், மிதவை செயற்கைக்கோள் வழியே கரைக்கும் செய்தி அனுப்பும் அமைப்பு நம் நாட்டில் உருவாயிற்று. ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் 2007இல் செயற்படத் தொடங்கியது. 3000 மீட்டர் ஆழத்திலிருந்து ஒலி மேலே வர இரண்டே நொடி போதும்.

பண்பேற்ற வகைகள்

செய்திக்கேற்ப ஊர்தி அலையின் பண்பை மாற்றுதலே பண்பேற்றம். அதிர்வெண்ணை மாற்றுவது ஒரு வகை. கட்டத்தை மாற்றுவது மற்றொரு வகை. அனுப்புவோரும் பெறுவோரும் முன்னரே உடன்பட்டிருப்பின் இடரில்லை. அறியாத மூலத்திலிருந்து ஒலி வருங்கால், முதலில் அதன் வகையை அறிதல் வேண்டும்.

இரண்டு அதிர்வெண்களால் அமைந்த செய்தியைப் பகுத்தால் இரு முகடுகள் தோன்றும். இருகட்டச் செய்தியிலோ ஒரே பரந்த மேடுதான் தோன்றும். அதனை இருமடி ஆக்கினால், நேர், எதிர் என்னும் வேறுபாடு மறைந்து, ஊர்தி அதிர்வெண்ணின் இரு மடங்கில் கூரிய கோடு எழும். நாற்கட்டச் செய்தியாயின், நான்மடி ஆக்கிய பின்னரே நான்கு மடங்கில் அக்கோடு புலப்படும்.

கடல் தரும் இடர்கள்

மேற்பரப்பிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் எதிரொலிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து அக்கோட்டை மங்கச் செய்யும். கலம் நொடிக்கு 1.5 மீட்டர் விரைவில் நெருங்கினால், 10,000 அதிர்வெண் ஏறத்தாழ 10 அளவு உயரும். இருமடி ஆக்கும்போது அப்பிழையும் இரட்டிக்கும். மேலும், வெப்பக் கடல்களின் ஆழமற்ற பகுதிகளில், கொடுக்கைச் சொடுக்கும் இறால் இனங்கள் திடீர் ஒலிகளை எழுப்புகின்றன. மடிப்பெருக்கம் இவற்றையே மிகைப்படுத்தும். ஆதலின், அவ்வொலிகளை முதலில் வெட்டி நீக்கிய பின்னரே வகையறிதல் தகும்.

முடிவுரை

கருவிகள் பல, அவற்றின் மொழிகளும் பல என்னும் நிலையை மாற்ற, வட அட்லாண்டிக் ஒப்பந்த நாடுகள் 2017இல் ‘ஜானஸ்’ என்னும் பொது முறையை ஏற்றன. அது அதிர்வெண் மாற்றும் வகையைச் சார்ந்ததாகும். இடர்க்காலத்தில் கடலடியிலிருந்து எழும் குரலை எவரும் புரிந்துகொள்ளல் வேண்டும் என்பதே அதன் பயன். ஒலி செவிக்கு எட்டினும் அதன் முறை தெரியாவிடின் செய்தி இழக்கப்படும். சென்னையில் 1993இல் நிறுவப்பட்ட தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் இத்தகைய துறைகளில் ஆய்வு செய்து வருகின்றது. கடலை நம்பி வாழும் இக்கரையின் மாணவர்களும் இவ்வறிவைத் தாய்மொழியில் கற்று, அவ்வாய்வில் பங்கேற்றல் வேண்டும் என்பது நம் விழைவு.