மிக் வெல்டிங்: சத்தத்தைக் கேட்டு செட்டிங் அறிவது எப்படி?



வண்டலூர்–வாலாஜாபாத் சாலை வழியாக ஒரகடம் பக்கம் வேலைக்குப் போகும் பிள்ளைகள் நம் தெருக்களில் பலர். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-இல் ரெனோ–நிசானும் 2012-இல் டைம்லர் லாரித் தொழிற்சாலையும் ஒரகடத்துக்கு வந்தன. வாகன உதிரிபாகங்களைச் செய்யும் பட்டறைகளில் அன்றாடம் நடப்பது மிக் வெல்டிங். ஹெல்பராகச் சேரும் பிள்ளை வெல்டராக உயர வேண்டுமானால், மெஷினில் தெரியும் எண்ணோடு ஆர்க்கின் சத்தத்தையும் படிக்கத் தெரிய வேண்டும். ரோபோ வெல்டிங் செய்யும் இடத்திலும், சத்தம் மாறியதும் மெஷினை நிறுத்தத் தெரிந்த ஆளுக்கு மதிப்பு உண்டு.

மூன்று சத்தங்கள்

முதலாவது, பொரியும் சத்தம். குறைந்த வோல்டேஜில் வயரின் நுனி உருகும் குழம்பைத் தொட்டுத் தொட்டு விலகும். விநாடிக்கு 20 முதல் 200 தடவைக்கு மேல்கூட இது நடக்கும். அதனால் வடைச்சட்டியில் எண்ணெய் பொரிவதுபோல ஒரே சீராகப் படபடக்கும். மெல்லிய தகடுக்கு இது ஏற்றது. இதை ஷார்ட் ஆர்க் என்பார்கள்.

இரண்டாவது, சீறும் சத்தம். இதுதான் ஸ்பிரே. வயர் குழம்பைத் தொடாமலே நுண்ணிய துளிகளாகப் பாய்வதால் படபடப்பு நின்று, 'ஸ்ஸ்' என்ற சீறல் மட்டும் கேட்கும். ஸ்பேட்டர் மிகக் குறைவு. இதற்கு 80 சதவீதத்துக்கு மேல் ஆர்கான் கலந்த கேஸ் வேண்டும். வெறும் சிஓடூ கேஸில் வோல்டேஜை எவ்வளவு ஏற்றினாலும் உண்மையான ஸ்பிரே வராது. பெரிய துளிகள் தெறிக்கும் முரட்டுச் சத்தம்தான் வரும். சூடு அதிகம் என்பதால், கனமான தகட்டைப் படுக்கையாக வைத்துச் செய்யும் வேலைக்கே ஸ்பிரே பொருந்தும்.

மூன்றாவது, வண்டின் ரீங்காரம். இது பல்ஸ். மெஷினே கரண்டை உயர்த்தி உயர்த்தி இறக்குகிறது. உயரும்போது ஒரு துளி விழும், இறங்கும்போது குழம்பு சற்று ஆறும். விநாடிக்குப் பல பத்து முதல் சில நூறு தடவை இப்படி நடப்பதால் ஒரே சுருதியில் ரீங்காரம் எழுகிறது. சராசரிச் சூடு குறைவதால் மெல்லிய தகடு, அலுமினியம், செங்குத்தான ஜாயிண்ட் ஆகியவற்றுக்கும் இது உதவும்.

பழகும் முறை

6 மி.மீ. கழிவுத் தகடு, 1.2 மி.மீ. வயர், 90 பங்கு ஆர்கானும் 10 பங்கு சிஓடூவும் கலந்த கேஸ் எடுத்துக்கொள்ளுங்கள். வயர் வேகத்தை நிமிடத்துக்கு 9 மீட்டர் அளவில் நிறுத்தி வையுங்கள். 23 வோல்ட்டில் தொடங்கி, ஒவ்வொரு பீடுக்கும் ஒரு வோல்ட் கூட்டுங்கள். படபடப்பு படிப்படியாகக் குறைந்து, ஏறக்குறைய 26 முதல் 28 வோல்ட்டுக்குள் சீறலாக மாறும். மெஷினுக்கு மெஷின் சற்று வேறுபடும். ஒவ்வொரு பீடின் பக்கத்திலும் வோல்ட்டைச் சாக்பீஸால் எழுதுங்கள். பிறகு நண்பர் ஒருவர் எண்ணைச் சொல்லாமல் மாற்றிவைக்க, நீங்கள் சத்தத்தை வைத்தே சொல்லிப் பாருங்கள்.

சத்தம் சொல்லும் கோளாறு

சீறலின் நடுவே 'பட், பட்' என்று வெடித்தால் வோல்டேஜ் போதவில்லை, அல்லது வயர் வேகம் அதிகம். சீறல் அகன்று 'புஸ்' என்று தளர்ந்தால் ஆர்க் நீண்டுவிட்டது. பீடின் ஓரம் அரிக்கப்படும். பல்ஸில் இதே குறைகளுக்கு ஆர்க் நீளத்தைத் திருத்தும் குமிழைத்தான் முதலில் தொட வேண்டும். எந்த ஒழுங்கும் இல்லாமல் சத்தம் விட்டுவிட்டு வந்தால் செட்டிங்கை மாற்றாதீர்கள். தேய்ந்த டிப், வழுக்கும் ரோலர், தளர்ந்த எர்த், தகட்டின் துரு, எண்ணெய், கேஸை விரட்டும் மின்விசிறி ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

காது சாட்சி மட்டுமே

இனிய சத்தம் வந்துவிட்டதால் ஜாயிண்ட் உறுதியாகிவிடாது. டார்ச்சின் கோணம் தவறினாலோ, கை வேகம் தவறினாலோ, சீறல் அழகாக இருக்கும்போதே உலோகம் அடியில் ஒட்டாமல் போகலாம். அந்தப் பாகம் வண்டியின் அடியில் உடைந்தால் போவது யாரோ ஒருவரின் உயிர். ஆகவே மாதிரித் துண்டை வெட்டி, தேய்த்து, அமிலம் பூசி உள்ளே பாருங்கள். அல்லது வளைத்து உடைத்துப் பாருங்கள். கம்பெனி தந்த செட்டிங் தாளில் உள்ள எல்லைக்கு வெளியே, சத்தம் நன்றாக இருக்கிறது என்பதற்காகப் போகக் கூடாது.

காதைக் காப்பாற்றுங்கள்

8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பது நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகளின் வரம்பு. நாள்தோறும் கேட்டால் 85 டெசிபலே காதைக் கெடுக்கத் தொடங்கும். கிரைண்டர் ஓடும் பட்டறையில் சத்தம் அதைச் சுலபமாகத் தாண்டும். இரைச்சலால் முதலில் மங்குவது மெல்லிய, கூர்மையான சத்தங்களைக் கேட்கும் திறன். ஸ்பிரேயின் சீறலும் அந்த வகைதான். ஆக, காதடைப்பான் போடாத வெல்டர் தன் தொழிலுக்கு வேண்டிய கருவியையே இழக்கிறார். அடைப்பான் போட்டாலும் சத்தத்தின் மாற்றம் தெரியும். சில நாளில் பழகிவிடும். காதுக்குள் நெருப்புப் பொறி விழுவதையும் அது தடுக்கும்.

பெற்றோர்களே, ஐடிஐ-யில் வெல்டர் பிரிவு ஓராண்டுப் படிப்பு. மேற்பயிற்சிக்குத் திருச்சியில் பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பிள்ளை மாலையில் வீடு திரும்பியதும் இரண்டு கேள்வி கேளுங்கள்: "இன்றைக்கு என்ன செட்டிங்கில் வேலை செய்தாய்? காதில் அடைப்பான் போட்டாயா?" முதல் கேள்வி அவனைத் தொழில் தெரிந்தவனாக்கும், இரண்டாவது, அந்தத் தொழிலை நெடுநாள் செய்ய வைக்கும், இன்ஷா அல்லாஹ்.