சேவைக்கு அடுத்த படி

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து அறக்கட்டளை நடத்துகிறோம். வருஷா வருஷம் நோட்டுப் புத்தகம், மருத்துவ முகாம். வரிசையில் அதே முகங்கள்தான். எங்களைப் போன்றவர்களால் சமூகத்தை மாற்ற முடியுமா?

பதில்: முடியும். அந்த வரிசை ஏன் குறையவில்லை என்று கேட்கத் தொடங்கிவிட்டீர்களே, அதுவே பெரிய விஷயம்.

அப்படிக் கேட்ட ஒருவரைப் பாருங்கள். 1968-இல் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்டார்கள். அதன்பின் அங்கே போன காந்தியவாதி கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் ஆறுதலோடு நிற்கவில்லை. அடிப்படைச் சிக்கல் நிலம் என்று கண்டார். 1981-இல் கணவரோடு லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, நிலக்கிழார்களிடம் பேசி, வங்கிக் கடன் ஏற்பாடு செய்து, ஆயிரக்கணக்கான ஏக்கரை நிலமற்றவர்களுக்கு வாங்கித் தந்தார். பத்திரம் பெண்கள் பெயரில்! எனக்கு இதில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

அவரைப் போல நீங்களும் அடிப்படைச் சிக்கலைத் தேட, முகாம் பதிவேட்டைப் புரட்டுங்கள். ஒரே தெருக் குழந்தைகள் வயிற்றுப்போக்கோடு வந்துகொண்டே இருந்தால், மருந்து கொடுத்த கையோடு அந்தத் தெருக் குழாயைப் போய்ப் பாருங்கள். பைப் சாக்கடைக்குள் ஓடுகிறதா? கிராம சபையில் அதை அந்தத் தெருப் பெண்களே பேசட்டும். தீர்மானமாக எழுதப்படும்வரை கூட நில்லுங்கள். மனு எழுதவும், தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி கேட்கவும் பழக்குங்கள். முகாமை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். முகாம் தரும் நம்பிக்கையில்தான் மக்கள் உங்களிடம் மனம் திறப்பார்கள்.

இப்படிக் கேள்வி கேட்கத் தொடங்கினால் சில நன்கொடையாளர்கள் முகம் சுளிக்கலாம். அதற்கு முன்பே உங்கள் நிர்வாகக் குழுவில் அந்தத் தெருக்காரர் இருவரையாவது சேர்த்துவிடுங்கள்.