விரல் தப்பும், மூக்கு?

ஸ்க்ரோல் சா வைத்திருப்பவர்கள் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால், காபி வருவதற்குள் ஒருவர் சொல்லிவிடுவார்: "ரம்பங்களிலேயே இதுதான் சாது." பக்கத்தில் இருப்பவர் அதற்கு வால் ஒட்டுவார்: "தூள் கொஞ்சம் பறக்கும். மரத்தூள்தானே சார், இயற்கைதானே, என்ன பண்ணிடும்?" இப்போது அந்த வாலுக்கும் ஒரு வால் முளைத்திருக்கிறது. வேப்பமரத்தை அறுத்தால் அந்தத் தூள் மூச்சுக்கு நல்லதாம். தொழிலால் நான் காது மூக்கு தொண்டை மருத்துவன். ஞாயிற்றுக்கிழமைகளில் இதே எந்திரத்தின் முன்னால் உட்காருகிறவன். இந்தப் பேச்சைச் சிரித்துக்கொண்டே கேட்கும் பொறுமை எனக்குத் தீர்ந்துவிட்டது.

முதல் பாதியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. வட்ட ரம்பம் விரலை எடுத்துக்கொண்டு போய்விடும். ஸ்க்ரோல் சாவின் பிளேடு 5 அங்குல நீளம், நூல்போல் மெலிது, முக்கால் அங்குலம் மட்டும் மேலும் கீழும் ஓடுவது. விரல் பட்டால் சதை கிழியும், தையல் போட வேண்டியும் வரலாம். ஆனால் விரல் துண்டாகிப் போவது அரிது. அதனால்தான் பள்ளிப் பிள்ளைகளைக்கூட இதன் முன்னால் தைரியமாக உட்காரவைக்கிறோம். ஆனால் இந்தச் 'சாது' பட்டம் விரலைப் பார்த்துக் கொடுத்தது. மூக்கை யாரும் கேட்கவில்லை.

இந்த எந்திரத்தில் வேலை செய்பவர் எப்படி உட்காருகிறார் என்று பாருங்கள். பென்சில் கோட்டை விட்டு மயிரிழை விலகக்கூடாது என்று முகத்தைப் பிளேடுக்கு ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுபோய்விடுகிறார். வேறெந்த ரம்பத்தின் மீதும் நாம் இப்படிக் கவிழ்ந்து உட்காருவதில்லை. பிளேடின் பற்கள் பொடியானவை, அதனால் விழும் தூளும் பொடியானது. இது போதாதென்று கோட்டை மறைக்கும் தூளை ஊதித் தள்ள ஒரு சிறிய காற்றுக்குழாய் வைத்திருக்கிறார்கள். அது தூளை அகற்றுவதில்லை, கிளப்பிவிடுகிறது. எங்கே கிளப்புகிறது? பெரும்பாலும் நம் முகத்தை நோக்கித்தான். மேசைக்கடியில் உறிஞ்சும் துளை இருக்கிறதே என்பார்கள். கீழே விழுவதை மட்டும்தான் அது பிடிக்கும். அடிப்பக்கம் சிம்பு எழாமலிருக்க நாம் ஆசையாக வாங்கும் தலைகீழ்ப் பல் பிளேடு, தூளில் ஒரு பங்கை மேலேயே தள்ளுகிறது. அறுத்து முடித்தபின் உப்புத்தாளைக் கையில் எடுக்கிறோமே, தூளின் உச்சக்கட்டமே அங்கேதான்.

இனி 'இயற்கை'. அரளியும் இயற்கைதான், எருக்கம்பாலும் இயற்கைதான். யாரும் அவற்றை மூக்கில் விட்டுக்கொள்வதில்லை. தேக்கைக் கரையான் தொடுவதில்லை என்று பெருமையாகச் சொல்கிறோம். ஏன் தொடுவதில்லை? தன்னைக் காத்துக்கொள்ள அந்த மரம் குயினோன் வகை வேதிப்பொருள்களை வைரத்துக்குள் சேர்த்து வைத்திருக்கிறது. அந்த வகையைச் சேர்ந்த டிஆக்ஸிலாபச்சால்தான் தேக்குத்தூள் பட்ட சிலருக்குத் தோலில் அரிப்பையும் தடிப்பையும் கொண்டுவருகிறது. ஈட்டி மரத்தில் டால்பெர்ஜியோன் என்று அதற்கு ஒரு பங்காளி. மேற்குச் செந்தேவதாருவின் தூளில் உள்ள பிளிகாட்டிக் அமிலம் ஆஸ்துமாவையே வரவழைக்கும். கரையானுக்கு ஆகாதது நமக்கு மட்டும் ஆகும் என்று யார் சொன்னது? வேப்பிலையை அரைத்துத் தோலில் பூசுவது வேறு, வேப்பங்கட்டையை அறுத்து மூக்கில் ஏற்றிக்கொள்வது வேறு. மூக்கின் உள்தோலுக்கு மாரியம்மன் பக்தி கிடையாது.

இங்கிலாந்தில் பக்கிங்காம்ஷயரில் ஹை விக்கம் என்று ஓர் ஊர், நாற்காலி செய்தே பேர் வாங்கிய ஊர். 1960-களில் அங்கே எஸ்மி ஹாட்ஃபீல்டு என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர் வேலை பார்த்தார். மூக்கையொட்டிய எலும்பறைகளில் வரும் அடினோகார்சினோமா என்ற அரிய புற்றுநோய் தன் நோயாளிகளிடம் திரும்பத் திரும்பத் தட்டுப்படுவதையும், அவர்களில் பலர் நாற்காலிப் பட்டறைக்காரர்கள் என்பதையும் அவர் கவனித்தார். ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த மேக்பெத், நோய்ப்பரவல் ஆய்வாளர் அச்சிசன் ஆகியோரும் சேர்ந்து தோண்ட, 1968-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அந்தக் கட்டுரை வெளிவந்தது. அடுத்த ஆண்டே பிரிட்டன் அதை மரவேலைக்காரர்களின் தொழில்நோயாகப் பட்டியலில் சேர்த்தது. ஆபத்து பாலிஷில் இல்லை, தூள் பறக்கும் இடத்தில் இருந்தது. அவர்கள் அறுத்ததும் ஓக், பீச் போன்ற 'இயற்கை' மரங்களைத்தான். நோயாளியிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்ட ஒரு மருத்துவரிடமிருந்து தொடங்கிய கதை இது. எங்கள் துறையின் பெருமைகளில் இதை நான் முதல் வரிசையில் வைப்பேன்.

பொடித்தூள்தான் கெடுதி, பெரிய தூளை மூக்கு பிடித்துக்கொள்ளும் என்று பாதி படித்தவர்கள் சமாதானம் சொல்வார்கள். மூக்கு பிடிப்பது உண்மை. 10 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களில் பெரும்பகுதி மூக்கிலேயே தங்கிவிடும். வில்லங்கமே அதுதான். மூக்கின் உள்தோலில் நுண்மயிர்கள் ஓயாமல் அசைந்து சளிப்படலத்தைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கின்றன, படிந்த தூசியும் அதோடு போய்விடும். மரவேலைக்காரர்களுக்கு இந்த ஓட்டம் மந்தப்பட்டிருப்பதை ஹாட்ஃபீல்டும் மேக்பெத்தும் இடம்பெற்ற குழுவே 1974-இல் காட்டியது. வெளியேற வேண்டிய தூள் உள்ளேயே குடியிருக்கிறது. அந்தப் புற்றுநோய் பெரும்பாலும் முளைப்பது இரு கண்களுக்கும் நடுவே உள்ள சல்லடை எலும்பின் அறைகளில்.

உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-இல் மரத்தூளை முதல் வகுப்பில் வைத்தது. மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்பதற்குப் போதிய சான்று உள்ளவற்றின் வகுப்பு அது. புகையிலைப் புகையும் அங்கேதான் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் கடின மரத்தூளுக்கான வரம்பு, 8 மணி நேர வேலையின் சராசரியாக, கன மீட்டருக்கு 2 மில்லிகிராம். 2023 ஜனவரியிலிருந்து இதுதான் கணக்கு. இந்த எண்ணை நம் வீட்டுக்குக் கொண்டுவந்து பாருங்கள். பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் ஏறக்குறைய 28 கன மீட்டர். அறை முழுவதும் மிதக்கலாம் என்று விட்டிருப்பது 56 மில்லிகிராம். ஒரு சிட்டிகைகூட வராது. ஒரு பெயர்ப்பலகை அறுத்து முடித்ததும் மேசைமேல் கிடக்கும் தூளை ஒருமுறை பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் அறுப்பவருக்குப் புற்றுநோய் வந்துவிடும் என்று நான் மிரட்டவில்லை. ஹை விக்கம் தொழிலாளர்கள் பல பத்தாண்டுகள் நாள் முழுக்கத் தூளில் நின்றவர்கள். பொழுதுபோக்குக்காரருக்கு முதலில் வருவது தும்மல், மூக்கடைப்பு, காய்ந்த மூக்கிலிருந்து ரத்தக் கசிவு, ராத்திரி இருமல். ஆஸ்துமா ஏற்கெனவே இருந்தால் அது முறுக்கிக்கொள்ளும். ஒவ்வாமைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பல மாதம் ஒன்றும் செய்யாமல் இருந்த மரம் ஒருநாள் திடீரென்று ஆகாமல் போய்விடும், அதன்பிறகு கொஞ்சம் பட்டாலும் போதும். அந்த 'சாது' அறைக்குள் குழந்தையின் தொட்டிலும் இருந்தால் என்ன சொல்வது? இருந்திருக்கிறது, பார்த்திருக்கிறேன்.

எம்.டி.எஃப். பலகை விஷயத்தில் 'இயற்கை' என்ற சாக்கும் செல்லாது. மரநாரை யூரியா ஃபார்மால்டிஹைடு பசையில் குழைத்து அழுத்தியதுதான் அது. ஃபார்மால்டிஹைடும் அதே முதல் வகுப்பில் இருக்கிறது, 2004-இல் வைத்தார்கள். விலை குறைவு, நார் ஓட்டம் கிடையாது, பிளேடு வழுக்கிக்கொண்டு போகும், எனவே புதிதாகச் சேர்பவர் கையில் எல்லோரும் முதலில் திணிப்பது இதைத்தான். மாவு போன்ற தூளைத் தருவதும் இதுவேதான். புதியவர்களுக்கு 3 மில்லிமீட்டர் பிளைவுட்டைக் கொடுங்கள். அதிலும் பசை உண்டு, ஆனாலும் அந்த மாவு பறக்காது.

இதற்கெல்லாம் கைவசம் ஒரு பரிகாரம் வைத்திருப்பார்கள்: வெல்லம். வேலை முடிந்ததும் ஒரு கட்டி வெல்லம் வாயில் போட்டால் உள்ளே போன தூசி இறங்கிவிடுமாம். சில வீடுகளில் வாழைப்பழம். விழுங்கியது போவது உணவுக்குழாயில், தூள் போனது மூச்சுக்குழாயில். இரண்டு குழாயும் தொண்டையில் பிரிந்தபின் மறுபடி எங்கும் சந்திப்பதில்லை. 1994-இல் லக்னோவில் ஆய்வு நடந்திருக்கிறதே என்று ஒரு நண்பர் மடக்கினார். நடந்தது. எலிகளுக்கு நடந்தது, நிலக்கரித்தூளும் சிலிகாவும் கொடுத்து, வெல்லம் ஊட்டி, நுரையீரலிலிருந்து துகள்கள் நகர்ந்ததைப் பார்த்தார்கள். மரத்தூளும் இல்லை, மனிதரும் இல்லை, மூக்கைப் பற்றிய பேச்சே இல்லை. வெல்லம் ருசிக்காகச் சாப்பிடுங்கள்.

துண்டை முகத்தில் கட்டிக்கொள்வதும் சடங்குதான். கண்ணுக்குத் தெரியும் தூள் நிற்கும், தெரியாதது நிற்காது. என்-95 முகமூடி வேண்டும், அதுவும் ஓரங்கள் முகத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். தாடி வைத்தவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. முகமூடிக்கும் தோலுக்கும் நடுவே தாடி இருந்தால் அதை முகமூடி என்று சொல்ல முடியாது. முகமூடியும் கடைசிக் காவல்தான். தூள் பிறக்கும் இடத்திலேயே அதை உறிஞ்சுங்கள்: மேசைக்கடியில் ஒரு குழாய், பிளேடுக்குப் பக்கத்தில் மேலே இன்னொன்று. ஊதும் குழாயை மேல் குழாயின் வாயை நோக்கித் திருப்பிவிடுங்கள். ஹெப்பா வடிகட்டி இல்லாத வீட்டு வாக்குவம் கிளீனர் பொடித்தூளைப் பின்வாசல் வழியாக அறைக்கே திருப்பித் தரும். முடிந்ததும் துடைப்பம் வேண்டாம், ஈரத்துணி போதும்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மூச்சைச் செலவழிக்க வேண்டியதில்லை. பிளேடு அடிக்கடி உடைந்தால் கம்பெனி மோசம் என்கிறார்கள். பெரும்பாலும் மோசமாக இருப்பது நம் கை; மொட்டையான பிளேடைத் தூக்கிப்போட மனமில்லாமல் மரத்தை முட்டித் தள்ளுகிறோம். ஓரம் கருகினால் பிளேடை மாற்றுங்கள், அது ஒன்றும் சீதனப் பொருள் இல்லை. கோடு ஒரு பக்கமாகவே இழுக்கிறது, எந்திரம் கோணல் என்பது இன்னொன்று. பிளேடு தயாராகும்போது ஒரு பக்க விளிம்பில் பிசிறு நின்றுவிடும், அந்தப் பக்கம் வேகமாக வெட்டும். மரத்தைச் சில டிகிரி சாய்த்துக் கொடுத்தால் நேராகப் போகும். சுருள் பிளேடு எல்லாப் பக்கமும் வெட்டும், அதனால் புதியவருக்கு எளிது என்பது தவறு. அகலமாக, சொரசொரப்பாக வெட்டி, நார் ஓடும் பக்கமெல்லாம் ஓடும். வேகம் கூடினால் சுத்தம் கூடும் என்று அக்ரிலிக்கில் முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும், வெட்டிய இடம் உருகிப் பின்னாலேயே ஒட்டிக்கொள்ளும். ஊசி வைத்த பிளேடு உறுதியானது என்றால் இருக்கட்டும். அது நுழைய டிரில்லில் பெரிய துளை போட வேண்டும், பொடி ஜாலி வேலைக்கு உதவாது.

எனக்கு உண்மையில் உறுத்துவது வேறு. நம் கூட்டத்தில் பாதிப்பேர் பெரிய டிசைன்களை இப்போது கையால் அறுப்பதில்லை, சிஎன்சி கட்டிங் கடையில் கொடுத்துவிடுகிறோம். பூஜை அறைக் கதவு ஜாலி, பிள்ளையார் நிழலுருவம், எல்லாம் எம்.டி.எஃப்.-இல். அந்தக் கடைகளில் பலகை மாற்றிப் போடும் பையன்களின் புருவம்வரை வெள்ளைத் தூள் படிந்திருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் பில்லுக்குப் பணம் கட்டுகிறோம். அவர்களுக்கு இது ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. ஹை விக்கம்காரர்களைப்போல நாள் முழுக்க, வருஷக்கணக்காக. தூசி உறிஞ்சும் எந்திரம் ஓடுகிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வேறு கடைக்குப் போங்கள், ஏன் போகிறீர்கள் என்பதையும் சொல்லிவிட்டுப் போங்கள். சதுர அடிக்குச் சில ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் பேரம் பேசாதீர்கள். நம் டிசைன்களைக் கைமாற்றிக்கொள்ளும்போது ஓரத்தில் பிளேடு எண்ணை மறக்காமல் எழுதுகிறோம். என்ன மரம், எவ்வளவு தூள் என்பதையும் எழுதினால் பேனா தேய்ந்துவிடாது.

ஒரு பக்க மூக்கு மட்டும் வாரக்கணக்கில் அடைத்திருந்தாலோ, அந்தப் பக்கம் ரத்தம் கசிந்தாலோ, வாசனை மங்கினாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். என்ன வேலை என்று அவர் கேட்டால் "பேங்க்" என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள், மரம் அறுக்கிறேன் என்பதையும் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.